ஆறரை மணிக்கு அணையும் கணினி

எங்கள் அலுவலகக் கணினி ஏன் ஹேங் ஆகிறது, ஏன் தானாக அணைகிறது என்று நாங்கள் மாதக்கணக்கில் தேடிய கதையை எழுதச் சொல்லி வெள்ளிமலைப் பக்கத்துத் தோழர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் எங்களைப் போலவே உதிரிபாகம் வாங்கிச் சேர்த்த ஒரு கணினியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது. வழக்கு, மனு, தீர்ப்பு என்று எதிர்பார்த்து இங்கே வருகிறவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். அங்கேதான் வந்து சேரும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் சாலையில், ஒரு கிராமத்தின் காலனியில் எங்கள் அலுவலகம். ஒரே அறை. கணினியை 2018இல் சேர்த்தோம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஒரு ஸ்டிக்கர். அந்த எடைக்கு அது 450 வாட் கொடுத்தால் அதிசயம்தான். மானிட்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொடுத்தது. கம்பெனி கணினி வாங்கும் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொரு காரணம்.

அதற்குள் இருப்பதைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் இவ்வளவு பதறினோம் என்பது புரியும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதையடுத்து சில குடும்பங்களிடம் நாங்கள் எடுத்த வாக்குமூலங்கள், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று நகல்கள், பிள்ளைகள் எந்த வகுப்பு என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. வன்கொடுமை வழக்குகளின் எஃப்ஐஆர் நகல்கள் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடிகளின் வன உரிமை மனுக்களும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் நிலம் கேட்கிறவர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. அங்கே ஒருவரிடம் பழைய ரசீது ஒன்று இருக்கிறதென்றால் அது ஓட்டுக்கூரையில் செருகி, புகை படிந்து, நாலாய் மடிந்து கிடக்கும். ஸ்கேன் செய்தபிறகு அந்தத் தாளைக் கரையான் தின்றுவிட்ட குடும்பமும் உண்டு. அவர்களுக்கு எங்கள் ஹார்ட் டிஸ்க்தான் ரசீது.

அதோடு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். ஆக, கோப்பு இருந்தால் மட்டும் போதாது, எடுத்தது எடுத்தபடி இருக்க வேண்டும்.

சரியாக அந்த மாதங்களில்தான் கணினி படுத்த ஆரம்பித்தது. டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிப்போனோம். கடைக்காரர் ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. “வைரஸ்ணா. கண்ட பென்டிரைவையும் சொருவுறீங்க. ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டுடலாம், ஐநூறு ரூபா.” இன்னொரு கடையில், எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்கள். சொன்னோம். “காலனிலயா வச்சிருக்கீங்க? பசங்க கேம் ஆடிக் கெடுத்திருப்பானுங்க.” திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

உபயோகிக்கிறவன் மேல் பழியைப் போடுவது கணினி உலகத்தில் பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2003 முதல் 2005 வரை டெல் நிறுவனம் விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் லட்சக்கணக்கானவற்றில் கெட்ட கெப்பாசிட்டர்கள் இருந்தன. அவை உப்பி, ஒழுகி, கணினிகள் செத்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை புகார் செய்தபோது, கடினமான கணக்குகளைப் போட்டு நீங்கள்தான் எந்திரத்தை அலுக்கவைத்துவிட்டீர்கள் என்று பதில் போனது. 2010இல் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளிவந்தபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது. கணிதப் பேராசிரியர்களிடம் அதிகமாகக் கணக்குப் போட்டாய் என்கிறார்கள், எங்களிடம் கேம் ஆடினாய் என்கிறார்கள். கருணாபுரத்தில் ‘குடிச்சான், செத்தான்’ என்று பேசி முடித்துவிட்டு, மெத்தனால் எந்த வழியாக வந்தது என்று கேட்க மறந்தவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வைரஸ் என்ற வார்த்தையை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினிக்குள் நெட்வயர் என்ற மால்வேர் மூலம் வெளியிலிருந்து கோப்புகள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் சொன்னது. அந்த அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியே வந்தது. நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், நம் திருச்சிப் பக்கத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்து 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்த ஸ்டேன் சுவாமி ஆகியோரின் கணினிகளைப் பற்றியும் அடுத்தடுத்து அதே மாதிரி அறிக்கைகள் வந்தன. விசாரணை முகமை அவற்றை ஏற்கவில்லை. எங்களைப் போன்ற சின்ன ஆட்களின் கணினியில் யார் வந்து நுழையப்போகிறார்கள் என்று சிரிக்கலாம். சந்தேகம் வந்தபிறகு சோதித்துப் பார்க்காமல் ஃபார்மட் செய்தால், நுழைந்தவனின் தடயமும் சேர்ந்துதானே போகும்?

அதனால் முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினோம். தனி பவர் அடாப்டர் உள்ள யூஎஸ்பி கேஸில் போட்டு, தோழர் ஒருவரின் லேப்டாப்பில் லினக்ஸ் வழியாக ரீட்-ஒன்லியாகத் திறந்தோம். அதாவது படிக்கலாம், எதையும் எழுத முடியாது. இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகல் எடுத்து, முக்கியமான கோப்புகளின் ஹாஷை நோட்டில் எழுதி, ஒரு டிஸ்க்கை விழுப்புரத்துக்கு அனுப்பினோம். கோளாறு தேடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். மலைத் தோழர்களே, இதை மட்டும் செய்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விட்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

பிறகு அந்த டிஸ்க் இல்லாமலேயே, பென்டிரைவில் போட்ட லினக்ஸில் கணினியை ஓட்டினோம். நெட் இணைப்பும் இல்லை. விண்டோஸும் இல்லை, எங்கள் கோப்பும் இல்லை, வைரஸ் இருக்க இடமும் இல்லை. அன்று சாயங்காலமே பொட்டென்று அணைந்தது. ஐநூறு ரூபாய் கொடுத்து ஃபார்மட் செய்திருந்தால் எல்லாவற்றையும் இழந்துவிட்டு இதே இடத்தில்தான் நின்றிருப்போம்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து நாள், மணி, என்ன நடந்தது, அப்போது என்ன திறந்திருந்தது, கடைசியாக எதை மாற்றினோம் என்று எழுத ஆரம்பித்தோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று விதி. நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். இரண்டு வாரம் எழுதியதும் ‘கணினி ரிப்பேர்’ என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது மூன்று வேறு வேறு சங்கதிகளாகப் பிரிந்தது. சில நேரம் நீலத்திரை வந்தது. சில நேரம் டிஸ்க் விளக்கு விடாமல் எரிய, மவுஸ் அசையாமல் நின்றது. சில நேரம் பிளக்கைப் பிடுங்கியதுபோல அணைந்து மறுபடி தானே எழுந்தது.

நீலத்திரை வந்தால் எந்திரம் தன் கோளாறைத் தானே கவனித்துச் சொல்கிறது என்று பொருள். உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடுவதால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது. சிஸ்டம் செட்டிங்கில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். எங்களுக்கு ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தது. ராம் இரண்டையும் கழற்றி, பொன்நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டி, மெம்டெஸ்ட்டைப் பென்டிரைவிலிருந்து ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். ஒன்று காலை வரை ஒரு பிழையும் காட்டவில்லை. இன்னொன்று ஒரு மணி நேரத்துக்குள் திரையைச் சிவப்பாக்கியது. ஸ்லாட்டை மாற்றிப் போட்டும் அதுவேதான். அதைக் கழற்றி வைத்துவிட்டோம். 4 ஜிபியோடு கணினி மெதுவாக ஓடுகிறது, நீலத்திரை போயே போய்விட்டது.

மவுஸ் உறைந்து நிற்பதற்கு டிஸ்க்தான் சாகப்போகிறது என்று நினைத்தோம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். இலவச மென்பொருளில் பார்க்கலாம். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர் பூஜ்யம். ஆனால் ‘யூடிஎம்ஏ சிஆர்சி’ என்ற எண்ணிக்கை மட்டும் தினமும் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைகிறது என்று அதற்கு அர்த்தம். சாட்டா கேபிள் ஒன்று வாங்கி மாற்றினோம். எண்ணிக்கை நின்றது, உறைவதும் நின்றது. டிஸ்க்கே போச்சு என்று புதிது வாங்கியிருந்தால் அதையும் அதே பழைய கேபிளில்தான் மாட்டியிருப்போம்.

தூசியும் தட்டினோம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி முட்டை இரண்டு இருந்தன. பிராசசர் மேலே பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்ததைத் துடைத்துப் புதிது வைத்தோம், சூடு 90 டிகிரியிலிருந்து அறுபத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. நல்லதுதான், ஆனால் பொட்டென்று அணைவது மட்டும் நிற்கவில்லை.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் அதற்கு ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகியிருந்தது. நிறையப் பேர் அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். முறையாக நிறுத்தாமல் நின்றுபோனேன் என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை. சந்தேக மரணம் என்று எழுதி மூடுகிற எஃப்ஐஆர் மாதிரி. எங்கள் நோட்டில் வேறொன்று இருந்தது. அணைந்த நேரம் ஏறக்குறைய எல்லாமே சாயங்காலம் ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில்.

அந்த நாட்களில் ஒரு ஆயா விதவை ஓய்வூதிய மனு அடிக்க வந்திருந்தார். மூன்று தடவை டைப் செய்து மூன்று தடவையும் அணைந்தது. தட்டச்சு செய்த தோழரைப் பார்த்து ஆயா சொன்னார்: “உட்றா பாப்பா, அதுமேல ஏன் கோவிச்சிக்கிற? இருட்டுனா எங்க வூட்டு டியூப்லைட்டே கண்ண கண்ண சிமிட்டிட்டு நின்னுபோவுது. ஃபேன் எறும்பாட்டம் சுத்துது. எங்க மாமியா காலத்துலேர்ந்து இப்டிதான்.”

மறுநாள் மல்டிமீட்டரோடு கிளம்பினோம். ஏசி 750 ரேஞ்சில் வைத்து, வயர்மேன் வேலை தெரிந்த தோழர்தான் அளந்தார். தெரியாதவர்கள் பிளக்குக்குள் கம்பியை விடாதீர்கள். மதியம் எங்கள் அறையில் 225 வோல்ட். இரவு ஏழரைக்கு 168. அதே ஏழரைக்கு ஊருக்குள், டிரான்ஸ்பார்மர் பக்கத்து டீக்கடையில் 214.

டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவின் முகப்பில் இருக்கிறது. அங்கிருந்து லைன் ஊர்த்தெருக்களைச் சுற்றி, நெல்வயலைக் கடந்து, ஓடையைத் தாண்டிக் காலனிக்கு வருகிறது. காலனி ஓடைக்கு அந்தப் பக்கம் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பி நீள நீள அதன் தடை கூடும், மின்னோட்டம் கூடக் கூட வழியில் அழுத்தம் விழும். வழியில் இருக்கிறவர்கள் எடுத்ததுபோக வாலில் மிஞ்சுவது எங்களுக்கு. காலனி வீடுகள் பூராவும் ஒரே ஃபேஸில். 2011க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாமும் அதே பழைய கம்பியில்தான். கொடுத்தவர்கள் கம்பியை மாற்றித் தரவில்லை. கணினியை ஊர்த்தெருவில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் பத்து நாள் வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடவைகூட அணையவில்லை. திரும்பக் கொண்டுவந்த அன்று இரவு 7.10க்கு அணைந்தது.

எஸ்எம்பிஎஸ் வரும் மின்சாரத்தை முதலில் டிசியாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கும். 225 வோல்ட் வந்தால் உள்ளே 318 இருக்கும். 168 வந்தால் 237தான். தேங்கியிருக்கும் சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இருப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். யாரோ ஒரு வீட்டில் கிரைண்டரைப் போட, வோல்டேஜ் கண நேரம் இன்னும் கீழே போனால், அதைத் தாங்க உள்ளே கையிருப்பு இல்லை. கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு நாள் வேலை இல்லாமல் போனால் நடப்பதுதான். யூபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தினமும் மூன்று மணி நேரம் பேட்டரிக்கு மாறி மாறி, ஒன்றரை வருடத்தில் பேட்டரி உப்பிவிட்டது.

இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். பழகிப்போயிருந்தோம். அளந்தால் பிளக்கில் எர்த்தே இல்லை. பக்கத்து வீடுகளிலும் இல்லை, மூன்றாவது துளை சும்மா அழகுக்கு இருந்தது. குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, ஜிஐ பைப் இறக்கி எர்த் போட்டோம். இதற்கு ஆன செலவு கணினிக்காக என்று ஆரம்பித்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு மேலும் நாலு வீட்டில் போட்டுக்கொண்டார்கள். ஈரக்கையோடு கிரைண்டர் தொடும் பெண்கள் இருக்கும் வீடுகள் அவை.

நோட்டை வைத்து மனு எழுதினோம். குறைந்த அழுத்த இணைப்பில் அறிவித்த வோல்டேஜிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்று 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளிலேயே இருந்தது. 230க்கு அது 216. நாங்கள் இருபத்திரண்டு நாள் ராத்திரி எழுதிய அளவுகளில் ஒன்றுகூட 216ஐத் தொடவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். மனுவை வாங்கியவர் கணினிப் பதிவையும் வோல்ட் அட்டவணையையும் புரட்டி, “கரெக்டா மெயின்டெயின் பண்ணியிருக்கீங்களே” என்றார். பாராட்டுதான். ஆனால் ஆயாவின் டியூப்லைட் எரியவில்லை என்று இதே காலனியிலிருந்து இதற்குமுன் மூன்று மனு போயிருக்கிறது. அவற்றுக்குப் பதிலே வரவில்லை. டியூப்லைட்டும் சாட்சி சொல்லியது, கணினியும் அதையேதான் சொல்லியது. அட்டவணை போட்டால்தான் காதில் விழுகிறது.

ஒரு மாதம் கழித்து ஆட்கள் வந்து பாதி வீடுகளை வேறு ஃபேஸுக்கு மாற்றினார்கள். இப்போது இரவில் 190, நல்ல நாளில் 196. காலனிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் என்பது ‘மதிப்பீட்டில்’ இருக்கிறது. கணினிக்கு 100 முதல் 240 வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தோழர்கள் பணம் போட்டு வாங்கினோம். அணைவது நின்றது. ஃபேன் இன்னும் மெதுவாகத்தான் சுற்றுகிறது, அதற்கு அப்படி ஒரு எஸ்எம்பிஎஸ் விற்கவில்லை. நோட்டில் தினமும் ஏழரை மணி அளவு எழுதுவதைத் தொடர்கிறோம். இப்போது எழுதுவது ஆயாவின் பேத்தி.

மலைத் தோழர்களுக்கு: நீங்கள் சொன்ன அறிகுறிகள் வேறு. தினமும் காலையில் உங்கள் கணினி 2009ஆம் ஆண்டு என்று காட்டுகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரத்தில் போடுகிற பொத்தான் பேட்டரிதான், உடனே மாற்றுங்கள். அது தப்பாக ஓடும்போது ஸ்கேன் செய்த கோப்பின் தேதியும் தப்பாகத்தான் பதியும். நாளைக்கு ஒரு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். இடி மின்னல் நாட்களில் பவர் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். மெம்டெஸ்ட்டும் லினக்ஸும் போட்ட பென்டிரைவ் இரண்டு, எங்கள் பழைய எஸ்எம்பிஎஸ், மல்டிமீட்டர், ஒரு புது நோட்டு எல்லாவற்றையும் பையில் கட்டி வெள்ளிமலை பஸ்ஸில் சனிக்கிழமை ஏற்றிவிடுகிறோம். டிஸ்க்கை நகல் எடுக்கும்வரை யார் சொன்னாலும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.